பால் பணம் திரும்பி வருவது ஏன்? பட்டுவாடாக் கோப்பைச் சரிபார்க்கும் முறைகள்

பால் உற்பத்தியாளர் சங்கங்களில் முன்பெல்லாம் பட்டுவாடா நாள் என்றால் ஒரு மேஜை, ஒரு ரொக்கப் பெட்டி, ஒரு பேரேடு ஆகிய மூன்றும் போதும். செயலாளர் பெயரைக் கூப்பிடுவார். உறுப்பினர் வந்து கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டுப் பணத்தை எண்ணி வாங்கிச் செல்வார். ஊரில் மூன்று முருகேசன்கள் இருந்தாலும் கவலை இல்லை. மேலத்தோட்டத்து முருகேசன் யார், கிணற்றடி முருகேசன் யார் என்பது செயலாளருக்குத் தெரியும். பணம் குறையலாம், தாமதமாகலாம். ஆள் மாறிப் போவதற்கு மட்டும் வழியில்லை.

இன்று பெரும்பாலான இடங்களில் பால் பணம், நெல் கொள்முதல் பணம், கரும்புக் கிரயம், மானியம் ஆகிய அனைத்தும் வங்கிக் கணக்கிலேயே சேர்கின்றன. இதில் நன்மைகள் மிகுதி. ரொக்கத்தைச் சுமந்து வரும் அபாயம் இல்லை, இடைத்தரகர் பிடித்தம் இல்லை, கணக்குக்குச் சான்று உண்டு. ஆனால் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். வங்கியின் கம்ப்யூட்டருக்கு முகம் தெரியாது. எண் மட்டுமே தெரியும்.

"அண்ணே, எல்லாருக்கும் பணம் ஏறிடுச்சாம். எனக்கு மட்டும் இன்னும் வரலையே" என்று இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு பெண் உறுப்பினர் சங்கத்தில் வந்து கேட்பதும், "நாங்க அனுப்பிட்டோம்மா, பேங்க்ல போய்க் கேட்டுப் பாரு" என்று செயலாளர் சொல்வதும் பல ஊர்களில் நடப்பதுதான். வங்கியில் கேட்டால், "இங்கு எதுவும் வரவில்லை, சங்கத்தில் கேளுங்கள்" என்பார்கள். இந்த இரண்டு பதில்களுக்கும் இடையே அவர் ஒரு நாள் வேலையை இழக்கிறார். பிண்ணாக்குக் கடைக்காரரிடம் இன்னொரு தவணை சொல்ல வேண்டியதாகிறது. இத்தகைய நிகழ்வுகளில் பெரும்பாலானவற்றில் தவறு செய்தவர் உறுப்பினரும் அல்ல, வங்கியும் அல்ல. சங்கத்திலிருந்து வங்கிக்குப் போன பட்டியலில் ஓர் எழுத்தோ ஓர் இலக்கமோ பிசகியிருக்கும். அதை அனுப்புவதற்கு முன்பே கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் இன்று உள்ளன. அவை எதைக் கண்டுபிடிக்கும், எதைக் கண்டுபிடிக்காது என்பதைச் சங்க நிர்வாகிகள் மட்டுமல்லாமல் உறுப்பினர்களும் தெரிந்து வைத்திருத்தல் நலம்.

கோப்பு என்பது என்ன?

140 உறுப்பினர்கள் உள்ள ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். கொழுப்புச் சத்து, இதர சத்து ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் உரிய தொகை கணக்கிடப்பட்டுப் பட்டுவாடாப் பட்டியல் தயாராகிறது. இதை 140 காசோலைகளாக எழுதாமல் ஒரே கம்ப்யூட்டர் கோப்பாக வங்கிக்கு அனுப்புகின்றனர். கோப்பில் ஒருவருக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் பெயர், கணக்கு எண், கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, தொகை, தேதி, விவரம் ஆகியவை வரிசையாக இருக்கும்.

இந்த வரிசை எல்லா வங்கிகளுக்கும் பொதுவானதாக இல்லை. ஒரு வங்கி பெயரை முதலில் கேட்கும். மற்றொன்று தொகையை முதலில் கேட்கும். ஒன்று கமாவால் பிரித்த கோப்பைக் கேட்கும். இன்னொன்று ஒவ்வொரு விவரத்துக்கும் இத்தனை எழுத்து இடம் என்று அளந்து வைத்த கோப்பைக் கேட்கும். ஆகவே சங்கத்தின் பட்டியலை வங்கி கேட்கும் வடிவத்துக்கு மாற்றுவது ஒரு வேலை. மாற்றியது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு வேலை. இவ்விரண்டையும் செய்பவையே இங்கு பேசப்படும் மென்பொருள்கள். சில வங்கிகள் தாமே இதற்கான எக்செல் படிவத்தைக் கொடுக்கின்றன. டேலி போன்ற கணக்கு மென்பொருள்களிலும் இவ்வசதி உண்டு.

முன்பூஜ்யம் உதிர்தல்

கோப்புகளில் காணப்படும் கோளாறுகளில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். பெரும்பாலான சங்கங்கள் உறுப்பினர் பட்டியலை எக்செல் தாளில் வைத்துள்ளன. எக்செல் கணக்குப் போடுவதற்காகச் செய்யப்பட்ட கருவி. கணக்கு எண் என்பது அதைப் பொறுத்தவரை ஒரு தொகை. தொகைக்கு முன்னால் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று அது நினைத்துக்கொள்ளும். 012301000001234 என்று தட்டினால் முதல் பூஜ்யத்தை உதிர்த்துவிட்டு 12301000001234 என்று வைத்துக்கொள்ளும். 15 இலக்கம் 14 ஆகிவிடும். வங்கியில் அப்படி ஒரு கணக்கு இராது, பணம் திரும்பும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக நினைவில் வைக்கும். 16ஆவது இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். 1234567890123456 என்று தட்டிப் பார்த்தால் 1234567890123450 என்று மாறியிருப்பதைக் காணலாம். பஞ்சாப் நேஷனல் வங்கி, கரூர் வைஸ்யா வங்கி போன்றவற்றின் கணக்கு எண்கள் 16 இலக்கம் கொண்டவை. இந்த எண்ணைத் தட்டியவர் சரியாகத்தான் தட்டினார்; தாளும் எந்த எச்சரிக்கையும் தரவில்லை; கடைசி இலக்கம் மட்டும் மாறிவிட்டது. மாறிய எண் வேறு யாருடைய கணக்காகவும் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

பரிகாரம் எளிது. எண்ணைத் தட்டுவதற்கு முன்பே அந்த நிரல் முழுவதையும் 'டெக்ஸ்ட்' என்று, அதாவது எழுத்து வகை என்று, குறித்துவிட வேண்டும். தட்டிய பிறகு மாற்றினால் பயனில்லை. போன இலக்கம் திரும்பாது. மேலும், கமாவால் பிரித்த கோப்பை ஒருமுறை எக்செலில் திறந்து பார்த்துவிட்டுச் சேமித்தாலே பூஜ்யங்கள் உதிர்ந்துவிடும். 'அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துவிடலாம்' என்ற நல்ல எண்ணத்தில் செய்வதே கேடாக முடிவதும் உண்டு. பார்க்க விரும்புவோர் நோட்பேடு போன்ற சாதாரண எழுத்துக் கருவியில் திறந்து பார்க்க வேண்டும்.

நல்ல சரிபார்ப்பு மென்பொருள் வங்கிவாரியாக இலக்க எண்ணிக்கையைத் தெரிந்து வைத்திருக்கும். ஸ்டேட் வங்கிக்கு 11, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிக்கு 12, எச்.டி.எஃப்.சி. வங்கிக்கு 14, இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கு 15 என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டு. 15 வர வேண்டிய இடத்தில் 14 வந்தால் அந்த வரியைச் சிவப்பாகக் காட்டிவிடும். முன்னால் ஒரு பூஜ்யத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும் மென்பொருளும் இருக்கிறது. அது விரும்பத்தக்கது அல்ல. விடுபட்டது முன்பூஜ்யமா, நடுவில் ஓர் இலக்கமா என்று மென்பொருளுக்குத் தெரியாது. காட்டிக்கொடுப்பதோடு அது நின்றுகொள்ள வேண்டும். பாஸ் புத்தகத்தைப் பார்த்துத் திருத்துவது ஆளின் வேலை.

கிளைக் குறியீடு

ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் மொத்தம் 11 இடங்கள். முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள். ஐந்தாவது இடம் எப்போதும் பூஜ்யம். கடைசி ஆறும் கிளையைக் குறிப்பவை. ஐந்தாவது இடத்தில் பூஜ்யத்துக்குப் பதிலாக 'ஓ' என்ற ஆங்கில எழுத்தைத் தட்டிவிடுவது சாதாரணமாக நிகழும் தவறு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். கம்ப்யூட்டருக்கு அவை நெல்லும் கோரையும் போல வேறு வேறு. மென்பொருள் இதை நொடியில் பிடித்துவிடும்.

வடிவம் சரியாக இருந்தாலும் குறியீடு காலாவதியாகியிருக்கலாம். 2019 ஏப்ரல் 1 அன்று விஜயா வங்கியும் தேனா வங்கியும் பரோடா வங்கியோடு இணைந்தன. 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. இணைந்த உடனே பழைய குறியீடுகள் செல்லாமல் போகவில்லை. சில மாதங்கள் முதல் ஓராண்டு வரையிலும் அதற்கு மேலும் அவகாசம் தரப்பட்டு, பிறகே நிறுத்தப்பட்டன. இதனால் ஏற்பட்ட குழப்பமே அதிகம். இணைப்புக்குப் பிறகும் பணம் வந்துகொண்டிருந்ததால் உறுப்பினர்கள் பாஸ் புத்தகத்தை மாற்றவில்லை. சங்கமும் பட்டியலைத் திருத்தவில்லை. அவகாசம் முடிந்ததும் அந்த வங்கிக் கணக்குக்காரர்களுக்கு மட்டும் பணம் வருவது நின்றது.

நடப்பில் உள்ள குறியீடுகளின் பட்டியலை ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வெளியிட்டு வருகிறது. மென்பொருள் இந்தப் பட்டியலோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஆகவே மென்பொருள் வாங்கிய நாளில் இருந்த பட்டியலே இன்னும் அதில் இருந்தால் அது செல்லாத குறியீட்டையும் சரி என்றே சொல்லும். பட்டியல் எந்தத் தேதியில் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது என்பதை மென்பொருள் விற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிராமப்புறத்துக்கே உரிய இரு சிக்கல்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். வட்டார கிராம வங்கிகள் சிலவற்றில் குறியீடு அவற்றின் ஆதரவு வங்கியின் எழுத்துகளைக் கொண்டே தொடங்கும். வங்கிப் பெயரும் குறியீடும் பொருந்தவில்லை என்று மென்பொருள் அந்த வரியைத் தள்ளிவிடக்கூடும். அது உண்மையில் தவறு அன்று. மற்றொன்று, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் சேமிப்புக் கணக்கு வைத்திருப்போர் அந்தப் புத்தகத்தின் எண்ணையே கொடுத்துவிடுகின்றனர். கடன் சங்கம் வங்கி அன்று, அதற்கென்று ஐ.எஃப்.எஸ்.சி. கிடையாது. பக்கத்து மத்தியக் கூட்டுறவு வங்கிக் கிளையின் குறியீட்டைப் போட்டு அனுப்பினால் பணம் சேராது. இத்தகைய உறுப்பினர்கள் ஒரு வங்கிக் கணக்கைத் தனியே தொடங்கிக் கொடுப்பதே வழி.

உருமாற்றத்தில் வரும் பிழைகள்

பட்டியலை வங்கி வடிவத்துக்கு மாற்றும்போது புதிய பிழைகள் நுழைகின்றன. பெயரில் கமா இருந்தால், அதாவது பெயரை எழுதிக் கமா போட்டு இனிஷியலை எழுதியிருந்தால், கமாவால் பிரித்த கோப்பில் அது இரண்டு விவரங்களாகப் பிரிந்துவிடும். அதன்பின் அந்த வரி முழுவதும் ஒரு கட்டம் தள்ளிப் போகும். தொகை இருக்க வேண்டிய இடத்தில் குறியீடு உட்காரும். தமிழ் எழுத்தில் உள்ள பெயரையும், சாய்கோடு முதலிய குறிகளையும் பல வங்கிகளின் முறை ஏற்பதில்லை. உறுப்பினர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கணக்கு எண்ணை அப்படியே எடுத்து ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம் ஒன்று எண்ணின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். திரையில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. மென்பொருள்தான் இதைக் காணும்.

தொகையில் நிகழும் தவறு பெரிய நட்டத்தை உண்டாக்கும். சில வடிவங்களில் தொகையைப் புள்ளி இல்லாமல் பைசாவில் எழுத வேண்டும். 1,250 ரூபாய் 50 பைசா என்பது 125050 ஆகும். ரூபாயில் எழுத வேண்டிய வடிவத்தில் இதை இட்டால் ஒன்றே கால் லட்சமாகிவிடும். தேதியிலும் அப்படியே: நாள் முதலில் வருவதா, மாதம் முதலில் வருவதா என்பது மாறினால் மார்ச் 4 ஏப்ரல் 3 ஆகும். 12ஆம் தேதிக்கு மேற்பட்டால் மட்டுமே தவறு வெளியே தெரியும் என்பதால் இது பல பட்டுவாடாக்களில் மறைந்தே கிடக்கும்.

இத்தொல்லை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் யூரோ நாணயம் புழங்கும் நாடுகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பு வடிவம் வைத்திருந்தன. அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர 2014 பிப்ரவரி 1 கெடு வைக்கப்பட்டு, பலர் தயாராகாததால் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டது. பழைய கோப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்களுக்கு அப்போது அங்கு நல்ல கிராக்கி. அந்த நாடுகளுக்கு ஒரு வசதி உண்டு. அவர்களுடைய கணக்கு எண்ணிலேயே இரண்டு சோதனை இலக்கங்கள் சேர்ந்திருக்கும். எண்ணைக் குறிப்பிட்ட முறையில் மாற்றி அடுக்கி 97ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். ஓர் இலக்கம் தவறினாலும் மீதி மாறிவிடும். வங்கியைக் கேட்காமலே தவறு தெரிந்துவிடும். நம் ஆதார் எண்ணின் 12ஆவது இலக்கமும் இத்தகைய சோதனை இலக்கமே. ஆனால் நம் நாட்டு வங்கிக் கணக்கு எண்களுக்கு எல்லா வங்கிகளுக்கும் பொதுவான சோதனை இலக்கம் கிடையாது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. நம் சங்கங்கள் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

மொத்தம் சரி, ஆள் தவறு

கோப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பெரும்பாலோர் கையாளும் முறை மொத்தத்தை ஒப்பிடுவது. 140 வரிகள் உள்ளனவா, மொத்தத் தொகை பட்டுவாடாப் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தல். இது தேவையானதே. ஆனால் இது போதாது.

பட்டியலை அகர வரிசைப்படுத்தும்போது பெயர் நிரலை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டால் பெயர்கள் இடம் மாறும். கணக்கு எண்களும் தொகைகளும் பழைய இடத்திலேயே நிற்கும். தொகை நிரலில் ஒரு கட்டம் நழுவினால் ஒவ்வொருவருடைய பணமும் அடுத்தவர் வரிக்குப் போகும். இவ்விரு தவறுகளிலும் வரிகளின் எண்ணிக்கை மாறாது. மொத்தத் தொகை மாறாது. கணக்கு எண்கள் யாவும் உண்மையானவை. குறியீடுகள் யாவும் செல்லுபடியானவை. சரிபார்ப்பு மென்பொருள் 140 வரிகளுக்கும் பச்சை விளக்குக் காட்டும்.

முறத்தில் புடைத்தால் பதர் போகும். கலப்பு ரகம் போகாது என்பது விதை நெல் எடுக்கும் எவருக்கும் தெரியும். வடிவச் சோதனை முறத்தில் புடைப்பது போன்றது. கலவனைக் களைய வயலில் இறங்கிப் பார்க்க வேண்டும்.

இதற்குப் பெருக்கல் மொத்தம் என்ற முறை கைகொடுக்கும். மூன்று உறுப்பினர்களின் கணக்கு எண்களில் கடைசி நான்கு இலக்கங்கள் 1204, 3310, 2075 என்றும், அவர்களுக்குரிய தொகைகள் முறையே ரூ.1,500, ரூ.2,200, ரூ.900 என்றும் கொள்வோம். தொகைகளின் மொத்தம் ரூ.4,600. தொகை நிரல் ஒரு கட்டம் நழுவி 2,200, 900, 1,500 என்று ஆனாலும் மொத்தம் அதே ரூ.4,600தான். ஆனால் ஒவ்வொரு வரியிலும் கணக்கின் கடைசி நான்கு இலக்கத்தைத் தொகையால் பெருக்கி, வந்ததைக் கூட்டினால் முதலில் 1,09,55,500 வரும். நழுவிய பிறகு 87,40,300 வரும். இந்தப் பெருக்கல் மொத்தத்தைப் பட்டுவாடாப் பட்டியலில் ஒருமுறையும், வங்கிக்குப் போகவிருக்கும் கோப்பில் ஒருமுறையும் போட்டு ஒப்பிட்டால் நழுவல் அகப்பட்டுவிடும். எக்செலில் ஒரே சூத்திரத்தில் இதைச் செய்யலாம். தனி மென்பொருள் வாங்க வசதியில்லாத சங்கங்களும் இதைக் கடைப்பிடிக்கலாம்.

இன்னொரு முறை, சென்ற பட்டுவாடாவின் கோப்போடு ஒப்பிடுவது. உறுப்பினர் எண்ணும் கணக்கு எண்ணும் சேர்ந்த ஜோடி சென்ற முறை போலவே இருக்கிறதா என்று மென்பொருள் பார்க்கும். மாறியிருக்கும் ஜோடிகளை மட்டும் தனியே எடுத்துக் கொடுக்கும். 140இல் இரண்டு மூன்று வந்தால் அவர்கள் புதிய கணக்குக் கொடுத்தவர்களா என்று பார்த்துக்கொள்ளலாம். எண்பது வந்தால் கோப்பையே நிறுத்திவிட வேண்டும். அதே கோப்பு இரண்டாம் முறை அனுப்பப்படுவதையும் இவ்வகை ஒப்பீடு தடுத்துவிடும்.

வேறொருவர் கணக்குக்குப் போனால்

எண் தவறி, அந்த எண்ணில் கணக்கே இல்லையென்றால் பணம் திரும்பிவிடும். அது அதிர்ஷ்டம் என்றே கொள்ள வேண்டும். அந்த எண்ணில் வேறொருவர் கணக்கு இருந்தால் பணம் அவருக்குச் சேர்ந்துவிடும். பெயர் பொருந்தாவிட்டால் வங்கி நிறுத்திவிடும் என்று பலர் நம்பியிருக்கின்றனர். இது சரியன்று. மின்னணு முறையில் வரும் பணத்தைக் கணக்கு எண்ணை மட்டும் கொண்டு வரவு வைக்கலாம் என்றும், எண்ணைச் சரியாகக் கொடுக்கும் பொறுப்பு அனுப்புபவருடையது என்றும் ரிசர்வ் வங்கி 2010 அக்டோபரிலேயே தெளிவாக்கியுள்ளது. ஆகவே பணம் மாறிப் போனால் சங்கம்தான் வங்கிக்கு எழுத வேண்டும். வங்கி, பணம் பெற்றவரைக் கேட்க வேண்டும். அவர் எடுத்துச் செலவழித்துவிட்டிருந்தால் வழக்கு வரை போகும். இதற்கிடையில் பால் ஊற்றியவர் யாரிடம் போய் நிற்பது?

இக்குறையைப் போக்க ஒரு நல்ல வசதி வந்துள்ளது. பணம் அனுப்பும் முன்பே, அந்தக் கணக்கு எண்ணுக்கு உரியவர் பெயர் என்ன என்று பார்த்துக்கொள்ளும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் ஏற்படுத்தித் தர வேண்டும் என்று 2024 டிசம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. புதிய உறுப்பினரைச் சேர்க்கும்போதும், பழையவர் கணக்கை மாற்றிக் கொடுக்கும்போதும் இதைக் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஒரு ரூபாய் அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று உறுப்பினரையே கேட்டறிவது பழைய முறை, அதுவும் நல்லதே. அரசு மானியங்கள் செல்லும் பி.எஃப்.எம்.எஸ். முறையிலும் கணக்கு விவரங்கள் முதலில் வங்கிக்கு அனுப்பப்பட்டு, சரி என்று பதில் வந்த பிறகே பணம் விடப்படுகிறது.

ஆதார் வழியாக வரும் பணம் வேறு பாதையில் வருகிறது. அதில் கணக்கு எண்ணே கிடையாது. ஆதார் எண் எந்த வங்கியோடு கடைசியாக இணைக்கப்பட்டதோ அந்த வங்கிக்குப் பணம் போகும். கடனுக்காகவோ வேறு காரியத்துக்காகவோ புதிய கணக்குத் தொடங்கி, அங்கே ஆதாரை இணைத்துவிட்டு, பழைய பாஸ் புத்தகத்தில் வரவு இல்லையே என்று கவலைப்படுவோர் உண்டு. புதிய வங்கியில் பதிவிட்டுப் பார்த்தால் பணம் அங்கே இருக்கும்.

மென்பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தகுதியை அது பார்க்காது. 2020இல் பிரதமரின் விவசாயி நிதியுதவித் திட்டத்தில் தமிழகத்தில் தகுதியற்றவர்கள் லட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டது வெளிவந்தது. அவர்களுடைய கணக்கு எண்களில் பிழை இல்லை. பணம் எங்கும் தடைப்படாமல் போய்ச் சேர்ந்தது.

எல்லாம் சரியாக இருந்தும் திரும்பினால்

எண் சரி, குறியீடு சரி, பெயரும் சரி. ஆனாலும் பணம் திரும்புவதற்குக் காரணங்கள் உண்டு. கணக்கு மூடப்பட்டிருக்கலாம். ஆவணங்கள் புதுப்பிக்கப்படாமல் முடக்கப்பட்டிருக்கலாம். நெல் விற்றவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது 'சிறு கணக்கு' என்ற வகை. முழு ஆவணங்கள் இல்லாமல் தொடங்கப்பட்ட இக்கணக்குகளில் ஓராண்டில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வரவு வைக்கக்கூடாது. எந்த நேரத்திலும் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. எண்பதாயிரம் ரூபாய் நெல் பணம் வந்தால் ஏற்க இயலாது. இதை எந்தச் சரிபார்ப்பு மென்பொருளும் முன்கூட்டி அறியாது. அறுவடைக்கு முன்பே வங்கிக்குச் சென்று ஆவணங்களைக் கொடுத்துச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும்.

செயலாளர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று எஞ்சியுள்ளது. என்.இ.எஃப்.டி. முறையில் அரை மணிக்கு ஒரு தொகுதியாகப் பணம் செல்கிறது. 2019 டிசம்பர் 16 முதல் இரவும் பகலும், விடுமுறை நாட்களிலும் இது நடைபெறுகிறது. வரவு வைக்க இயலாத பணத்தை அந்தத் தொகுதி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. அதாவது, காலையில் அனுப்பியது திரும்புமானால் பெரும்பாலும் அன்று மாலைக்குள் அது சங்கத்தின் கணக்கிலேயே வந்து கிடக்கும். அந்தப் பெண்மணி சங்கத்துக்கும் வங்கிக்கும் நடந்துகொண்டிருக்கும்போது அவருடைய பணம் சங்கக் கணக்கில்தான் இருக்கிறது. வங்கி தரும் திருப்பப் பட்டியலை யாரும் திறந்து பார்க்காததே காரணம்.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே திரும்பியதற்கான காரணம் குறிக்கப்பட்டிருக்கும். கோப்பு அனுப்பிய மறுநாள் காலையில், பால் எடுக்கும் நேரத்தில், அதைப் பார்த்து உரிய உறுப்பினரிடம் அங்கேயே சொல்லிவிடலாம். பாஸ் புத்தகத்தை மாலையில் கொண்டுவரச் சொல்லித் திருத்திக்கொள்ளலாம். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதானால் உறுப்பினர் எண்ணை மட்டும் எழுத வேண்டும். கணக்கு எண்ணை எழுதக்கூடாது. திருத்தத்தை மூலப் பட்டியலில் செய்ய வேண்டும். அனுப்பிய கோப்பில் மட்டும் திருத்தி மறுபடி அனுப்பினால் இம்முறை பணம் சேரும். அடுத்த பட்டுவாடாவில் அதே உறுப்பினர் அதே கேள்வியோடு வந்து நிற்பார்.